வேனில் கிடக்கும் வரலாறு

பட்டர்வொர்த்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வந்தபின் பட்டர்வொர்த்தில் தரை முடிந்து கடல் குறுக்கிடுகிறது. எதிர்க்கரையில் பினாங்குத் தீவு. பின்னால் பச்சை மலை, முன்னால் தாழ்ந்த ஓட்டுக்கூரைகள், நடுவே தனியாக நிமிர்ந்து நிற்கும் கொம்தார் கோபுரம். 1985இல் ஒரு பாலமும் 2014இல் இன்னொரு பாலமும் வந்துவிட்டன. ஆனாலும் ஜார்ஜ் டவுன் எப்படிப்பட்ட ஊர் என்று பிடிபட வேண்டுமானால் படகில்தான் போக வேண்டும். 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய நாள் முதல் இந்த ஊரின் சோறும் பேச்சும் சாமியும் பாட்டும் இந்த நீர்வழியாகவே வந்து சேர்ந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பார்ஸி நாடகக் கம்பெனிகள் வந்தன. அவற்றைப் பார்த்து இங்கேயே முளைத்த பங்சாவான் நாடகக் கம்பெனிகள் ஜாவா வரை போயின. தமிழ் நாடகக்காரர்களும் வந்தார்கள். இன்று சிங்கப்பூரில் தொடங்கி ஜொகூர், கோலாலம்பூர், ஈப்போ வழியாகத் தாய்லாந்தின் ஹாட் யாய் வரை போகும் சின்னஞ்சிறு பங்க் ராக் குழுக்களுக்கும் பினாங்கு இயல்பான ஒரு தங்கல்.

இந்தக் குழுக்கள் மேடையில் செய்தது ஏதோ ஒரு வகையில் மிஞ்சிவிடுகிறது. இசைத்தட்டு, கேசட், விளம்பரத்தாள், பத்திரிகை விமர்சனம் என்று தடயங்கள் உண்டு. ஒரு மேடைக்கும் அடுத்த மேடைக்கும் நடுவே அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் மறைந்துபோகிறது. குழுவில் யாரோ ஒருவர் கையில் சிறு கேமரா இருந்து, வேனுக்குள்ளும் பெட்ரோல் நிலையத்திலும் தூங்கும் இடத்திலும் அதை ஓடவிட்டிருந்தால் மட்டுமே அந்த வாழ்க்கை நமக்குக் கிடைக்கும். அப்படி எடுத்த வீட்டு வீடியோவை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு என்பதும், அதைப் பாட்டுக்குச் சமமான இசை வரலாற்று ஆவணமாகப் பாதுகாக்க வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம். அதற்கான சான்றுகளை இந்த ஊரே தெருவுக்குத் தெரு வைத்திருக்கிறது.

பெங்காலான் வெல்ட்

படகு நிற்கும் துறைமுகச் சாலை பெங்காலான் வெல்ட். ஒரு பக்கம் கடலுக்குள் கால் ஊன்றிய சீனக் குலத்தவரின் மரவீடுகள், மறுபக்கம் பழைய சரக்குக் கிடங்குகள். இந்தப் பகுதியில்தான் சவுண்ட்மேக்கர் ஸ்டுடியோ பல ஆண்டுகளாகப் பங்க், ஹார்ட்கோர், மெட்டல் குழுக்களுக்குப் பயிற்சி அறையாகவும் மேடையாகவும் இருந்துவந்தது. மலேசியாவில் இதை ஜாமிங் ஸ்டுடியோ என்பார்கள், நிகழ்ச்சியை கிக் என்பார்கள். இந்த வட்டாரத்துப் பயணம் நடக்கும் முறை எளிமையானது. வெளியூர்க் குழு கிட்டாரோடு மட்டும் வரும். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் உள்ளூர்க் குழுவுடையவை. வாசலில் வசூலாகும் பணம் பெட்ரோலுக்கு, டி-ஷர்ட் விற்ற பணம் சாப்பாட்டுக்கு, படுக்கை யாரோ ஒரு நண்பர் வீட்டுத் தரையில். அடுத்த மாதம் உபசரித்தவர்கள் விருந்தினராக அந்த ஊருக்குப் போவார்கள். நிறுவனமும் முதலாளியும் இல்லாமல் எல்லைகள் தாண்டி ஓடும் ஒரு பரிமாற்ற ஏற்பாடு இது. கோலாலம்பூரின் கார்பரேட்டர் டங் குழு 1991 முதல் இயங்குகிறது என்றால் அதற்கு முதுகெலும்பு இந்த ஏற்பாடுதான். அதன் எந்தப் பகுதியும் மேடையில் தெரியாது.

மேடையில் தெரியாத இந்த வாழ்க்கையைக் கேமரா பிடித்த ஓர் உதாரணம் உண்டு. 1982இல் கலிஃபோர்னியாவின் சோஷியல் டிஸ்டார்ஷன், யூத் பிரிகேட் என்ற இரு பங்க் குழுக்கள் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றில் அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றக் கிளம்பின. கூடப் போன ஆடம் ஸ்மால், பீட்டர் ஸ்டூவர்ட் எடுத்த படம் 'அனதர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்'. அதில் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. ஆனால் படத்தை இன்றும் பார்க்க வைப்பவை பசியும் சண்டையும் பேருந்து பழுதாகி நின்ற நாட்களும்தான். சிலர் பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தத் தலைமுறை பங்க் இசையில் ஏன் அவ்வளவு கோபமும் அவ்வளவு தோழமையும் சேர்ந்தே கேட்கிறது என்பதற்குப் பேருந்துக் காட்சிகள் சொல்லும் விடையை எந்தப் பாட்டின் வரியும் சொல்வதில்லை. இதற்கெல்லாம் அப்போது தனியாகப் படக்குழு வேண்டியிருந்தது. 1985இல் சோனி ஹேண்டிகேம் வந்தபின் நிலைமை மாறியது. குழுவில் இருப்பவரே எடுக்கலாம் என்றாயிற்று.

அப்படிக் கேமரா பிடித்தவர்களில் ஒருவர் நம் பெண். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிக் குடும்பத்தில் லண்டன் போய்ச் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் அங்கே சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படமும் வீடியோவும் படித்தார். ஆவணப்படம் எடுப்பதே அவர் கனவு. 1970களின் பங்க் ஒலியை 1990களுக்குக் கொண்டுவந்த எலாஸ்டிகா குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மன், 2000இல் வந்த 'தி மெனஸ்' தொகுப்பின் அட்டையை அவரிடம் கொடுத்தார். அமெரிக்கப் பயணத்தை வீடியோ எடுக்கவும் அழைத்துப்போனார். அந்தப் பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி கொடுத்த பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளக் கருவியைக் காட்டி, நீயே இசை செய்யலாம் என்று ஊக்கப்படுத்தினார். ஊர் திரும்பி, ஃபிரிஷ்மனிடமிருந்த அதே வகைக் கருவியில் தட்டிப் பார்த்த பெண்தான் எம்.ஐ.ஏ. ஆனார். 2005இல் 'அருளர்', 2007இல் சென்னை உறுமிக்காரர்களின் அடியோடு 'கலா'. அந்தப் பயணத்தில் உலக இசைக்கு மிகப் பெரிய விளைவு தந்த சம்பவம் எலாஸ்டிகாவின் மேடையில் நடக்கவில்லை, மேடைக்கு வெளியே கேமரா பிடித்தவருக்குள் நடந்தது. அப்போது உடனிருந்த எவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. எது முக்கியம் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால்தான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அவர் சேர்த்து வைத்த நாடாக்களிலிருந்தே அவருடைய கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' படத்தை உருவாக்கினார். 2018 சண்டான்ஸ் விழாவில் அதற்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

சூலியா தெரு

துறைமுகத்திலிருந்து சூலியா தெருவுக்குள் நடந்தால் காதில் விழும் தமிழில் கடையநல்லூர் வாசமும் ராமநாதபுரத்து இழுப்பும் இருக்கின்றன. நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா, சற்றுத் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோவில், லெபு பாசாரில் பூ தொடுப்பவர்களும் புடவைக் கடைகளின் ஒலிபெருக்கியும். பொழுது சாய்ந்தால் நாசி கண்டார் கடைகளில் வரிசை நீள்கிறது. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோள்கம்பின் இருமுனையில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. இப்போதும் பரிமாறுபவரின் கை கோழி, மீன் சினை, கணவாய், வெண்டைக்காய் என்று ஓடி, கடைசியில் நாலைந்து குழம்புகளைச் சோற்றின் மேல் ஒன்றாகக் கவிழ்க்கிறது. நள்ளிரவு தாண்டியும் கிடைப்பதால் கிக் முடிந்து வரும் குழுக்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் இதுவே சாப்பாடு. நம் ஊரில் குழம்பை ரசத்தோடு கலக்கவே யோசிக்கிற நாக்குக்கு முதல் கவளம் குழப்பமாக இருக்கும், மூன்றாவதில் சரியாகிவிடும்.

இந்தத் தெருக்களில் ஊர்சுற்றும் பாட்டுக்குழு என்பது புதிதல்ல. முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து இரவுகளில் போரியா குழுக்கள் வேடமிட்டு வீடு வீடாகப் போய்ப் பாடின. மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களோடு வந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கலையில் முன்பாட்டுக்காரர் ஒருவரும் பின்பாட்டுக் கூட்டமும் உண்டு. தெருவுக்கொரு குழு, குழுக்களுக்குள் போட்டி, போட்டியில் அடிதடி. 1885இல் மாமாக் புஷி என்ற இந்திய முஸ்லிம் இங்கே தொடங்கிய புஷி இந்திரா பங்சாவான் கம்பெனி பத்தாவியா வரை பயணம் போனது. ஊருக்கு ஊர் உள்ளூர் மெட்டுகளை வாங்கிக்கொண்டு, காட்சிக்கும் காட்சிக்கும் இடையே அவற்றைப் பாடி ஆடிக் காட்டினார்கள். மலாய் மேடை இசை பல இனத்து மெட்டுகளின் கலவையாக ஆனதற்குப் பயணமே காரணம் என்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எந்த ஊரில் யாரிடம் எந்த மெட்டு கைமாறியது என்பதற்கு மட்டும் சாட்சி அரிது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சுற்றுப்பயண வீடியோக்களைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பெரும்பகுதி சலிப்பூட்டும். தூக்கம், கேலி, சாலை, மறுபடி தூக்கம். இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ் நாடக வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். அவ்வை டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' ஏன் இன்றும் ஆய்வாளர்களுக்குத் தேவைப்படுகிறது? நாடகக் கதைகளுக்கு வேறு நூல்கள் உண்டு. கம்பெனி வீட்டில் சிறுவர்கள் எப்படி வளர்ந்தார்கள், வசூல் இல்லாத ஊரில் என்ன ஆனது, எப்படி முகாம் மாறினார்கள் என்பதற்கு அவர் போன்றவர்களின் நினைவுதான் ஆதாரம். அன்று சலிப்பூட்டிய அன்றாடமே இன்று கிடைக்காத செய்தி. இளையராஜா 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து சுமார் பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போனதை எல்லாரும் சொல்கிறோம். அந்த இரவுகளில் ஒரே ஒரு மணி நேரம் படமாகக் கிடைத்தால், அதில் அவர் ஹார்மோனியத்தைத் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தாலும், அதை வேண்டாம் என்று சொல்லும் தமிழர் யார்? நம் வீடுகளில் அடுக்கியிருக்கும் கல்யாண வீடியோ கேசட்டுகளிலும் இதே குறை உண்டு. மாப்பிள்ளை அழைப்பு முழுதாக இருக்கும். இரவெல்லாம் பாடிய மெல்லிசைக் குழு ஒரு நிமிடம் வந்து போகும். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், விடியலில் எங்கே போனார்கள் என்பதை யாரும் எடுக்கவில்லை.

ஜாலான் குர்த்வாரா

சூலியா தெருவிலிருந்து உள்ளே போகப்போகக் கூட்டத்தின் குணம் மாறுகிறது. 2012இல் எர்னஸ்ட் ஸகரேவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்தின் முன் ஆர்மேனியன் தெருவில் படம் எடுக்க வரிசை நிற்கிறது. ஜாலான் குர்த்வாராவில் அவருடைய கண்காட்சியோடு 2014இல் திறந்த ஹின் பஸ் டிப்போ, ஒரு காலத்தில் பேருந்துகள் நின்ற கொட்டகை. இப்போது ஓவியம், சந்தை, சில மாலைகளில் இசை. சுவர்களைப் பாதுகாக்க இந்த ஊர் நன்றாகக் கற்றிருக்கிறது. ஆனால் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனைப் பட்டியலில் ஏற்றியபோது, கட்டடங்களை மட்டும் அது சொல்லவில்லை. பல பண்பாடுகளின் வாழும் மரபையும் ஒரு காரணமாகச் சொன்னது. வாழும் மரபுக்கு மலிவான அறை வேண்டும். 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்ததும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். அதன்பின் வந்த சுற்றுலா வாடகையை இன்னும் ஏற்றியது. சத்தம் போடும் இளைஞர்களுக்கு அறை கொடுக்கும் வீட்டுக்காரர் எந்த ஊரிலும் குறைவு. ஆகவே இங்கே இசை நடக்கும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சுவர் அதை நினைவில் வைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பங்க் இளைஞர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் சமூகத்தில் அவர்களுடைய அந்தரங்க வாழ்வைப் பதிவு செய்வது ஆபத்தில்லையா? ஆபத்துதான். 2015 ஆகஸ்ட் 28 இரவு, தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே 4 பேரணிக்கு முந்தைய நாள், அம்பாங்கில் இருந்த ரூமா அப்பி என்ற பங்க் கூடத்துக்குள் காவல்துறை நுழைந்து ஏறத்தாழ 160 பேரைக் கைது செய்தது. அவர்களில் வெளிநாட்டவரும் இருந்தார்கள். மலாக்கா நீரிணைக்கு அப்பால் பண்டா ஆச்சேயில் 2011 டிசம்பரில் ஒரு கச்சேரியில் 60க்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் பிடித்து, தலையை மழித்து, குளத்தில் இறக்கிக் குளிக்கவைத்தார்கள். இந்த ஆச்சே நிகழ்வே என் பக்கத்துக்கும் சான்று. உலகெங்கும் போய்ச் சேர்ந்த அந்தப் புகைப்படங்களில் அவர்கள் மழித்த தலையோடு குனிந்து நிற்கிறார்கள். பிடித்தவர்கள் விரும்பிய கோலத்திலேயே உலகம் அவர்களைப் பார்த்தது. அதே இளைஞர்கள் ஒருவருக்கொருவர் சோறு பகிர்ந்ததும் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்ததும் படமாக இருந்திருந்தால் அந்தக் கோலத்துக்கு எதிராக நிறுத்த ஏதாவது இருந்திருக்கும். எடுப்பது வேறு, உடனே வெளியிடுவது வேறு. பத்து, இருபது ஆண்டுகள் மூடி வைக்கலாம், படத்தில் இருப்பவர்களின் சம்மதத்துக்குக் காத்திருக்கலாம். அதிலும் சிக்கல் தீர்ந்துவிடாது. எம்.ஐ.ஏ. தானே கொடுத்த நாடாக்களில் உருவான படத்தைச் சண்டான்ஸில்தான் முதன்முதலாகப் பார்த்தார், தான் எடுத்திருக்கக்கூடிய படம் அது அல்ல என்றும் சொன்னார். யாருடைய கையில் கத்தரி இருக்கிறது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். அது கவனமாக இருக்கச் சொல்கிறது, எடுக்காதே என்று சொல்லவில்லை.

கொம்தார்

படகிலிருந்து தெரிந்த கோபுரத்தின் அடியில், கடைகளும் பேருந்து நெரிசலும் தாண்டி, பினாங்கு இசை இல்லம் 2016இல் தொடங்கியது. அதை முன்னின்று தொடங்கியவர் பால் அகஸ்டின். அவரும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 2015இல் வெளியிட்ட நூல் 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கு மக்கள் இசையைத் தொகுத்தது. இந்தத் தீவில் 1929இல் பிறந்த மலாய் நடிகரும் பாடகருமான பி. ராம்லீ, ஜாஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜிம்மி பாயில் ஆகியோரோடு பெயர் மறந்த பல கலைஞர்களுக்கும் இங்கே இடம் கிடைத்தது. ஒரு நகரம் தன் பாட்டுக்காரர்களை இவ்வளவு அக்கறையாகத் திரட்டியதைப் பார்க்கும்போது, சென்னையில் திரைப் பாடல்களுக்கு வாசித்த நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்கு இப்படி ஒரு கூடம் இருக்கக் கூடாதா என்ற ஏக்கம் வருவதைத் தவிர்க்க முடியாது.

பினாங்கில் வளர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் நடத்திய ஆலிகேட்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். விரிந்த சுருள்முடியோடு மலாய் மொழியில் பாடி நாடு முழுவதும் நேசிக்கப்பட்ட குழு. லோகநாதன் 2007இல் மறைந்தபோது எல்லா இனத்தவரும் அழுதார்கள். புகழுக்கு முன் 1970களில் அவர்கள் ஹாங்காங் கிளப்புகளில் இரவு தோறும் வாசித்தார்கள். பிற்காலத்து ஆலிகேட்ஸைத் தொலைக்காட்சி காட்டியது. அவர்களை உருவாக்கிய ஹாங்காங் இரவுகளை நாம் பேட்டிகளின் வழியே ஊகிக்கத்தான் வேண்டும். தமிழ்ப் பையன்கள் அந்நிய ஊரில் ஆங்கிலப் பாட்டு வாசித்துப் பழகி, திரும்பிவந்து மலாயில் பாடிப் புகழ் பெற்ற அந்த மாற்றம் இசை வரலாற்றில் எவ்வளவு அரிய விஷயம்!

பங்க் இசை கண்காட்சிக் கண்ணாடிக்குள் போக விரும்பாது, அழிந்துபோவதே அதன் இயல்பு என்று அந்த வட்டத்திலேயே சிலர் வாதிடுவார்கள். வாஷிங்டனின் ஃபுகாசி குழு இதற்கு நல்ல பதில். விளம்பரத்துக்கும் பெருநிறுவனத்துக்கும் கடைசிவரை இடம் கொடுக்காத குழு அது. அதன் நண்பர் ஜெம் கோஹன் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்த காட்சிகளிலிருந்து 1999இல் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற படம் வந்தது. 2011 முதல் 800க்கும் மேற்பட்ட கச்சேரிப் பதிவுகளைக் குழுவே மலிவாக வெளியிட்டுவருகிறது. தன் நினைவைத் தானே பொறுப்பேற்றுக் காப்பது பங்க் கொள்கைக்கு முரணானது அல்ல. அவசரமும் இருக்கிறது. வீடியோ நாடாவில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், மேலே பூஞ்சை படரும். பினாங்கு, சென்னை போன்ற கடலோர ஊர்களின் அலமாரியில் அது இன்னும் வேகமாக நடக்கும். நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பதில்லை. 2025ஐ ஒட்டி நிலைமை கைமீறும் என்று யுனெஸ்கோ 2019இலேயே எச்சரித்தது. 1990களில் ஹேண்டிகேமோடு பயணம் போனவர்களுக்கு இன்று ஐம்பது வயது. நாடாக்கள் இருப்பது அவர்கள் அம்மா வீட்டுப் பெட்டியில்.

தண்ணீர்மலை

நகரத்திலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் தண்ணீர்மலை. 1857இல் எழுந்த நகரத்தார் கோவிலும், 513 படிகளுக்கு மேலே 2012இல் குடமுழுக்கு கண்ட பாலதண்டாயுதபாணி கோவிலும் இங்கே இருக்கின்றன. தைப்பூசத்தில் வெள்ளி ரதமும் 2017 முதல் தங்க ரதமும் வரும் வழியெல்லாம் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். காவடிகளுக்கு முன்னால் போகும் உறுமி மேளக் குழுக்கள்தான் மலேசியத் தமிழ் இளைஞர்களின் உண்மையான சுற்றுப்பயணக் குழுக்கள். குழுவின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட், வேன் நிறைய உறுமியும் பம்பையும், ஊர் ஊராகத் திருவிழா. பலருடைய பெற்றோர் தோட்டங்களை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தவர்கள். முறையான பள்ளி இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள். சத்தம், ஆட்டம் பற்றிப் பெரியவர்களின் முணுமுணுப்பும் நிர்வாகக் கட்டுப்பாடும் உண்டு. பங்க் என்ற சொல்லை அவர்களில் பெரும்பாலோர் தமக்குச் சூட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பெங்காலான் வெல்ட் கிக்குகளின் பொருளாதாரமும் தோழமையும் அவமதிப்பும் இங்கேயும் அப்படியே இருக்கின்றன.

இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள், இனி என்ன கவலை என்பது கடைசி மறுப்பு. எண்ணிக்கை ஏராளம் என்பது உண்மை. ஆனால் போன் துணுக்குகள் பெரும்பாலும் மேளம் உச்சத்தில் இருக்கும் அரை நிமிடத்தை மட்டுமே பிடிக்கின்றன. எந்த ஆண்டு, எந்தக் குழு, அடித்தவர் யார் என்ற குறிப்பு கிடையாது. கணக்கு மூடினாலோ போன் தொலைந்தாலோ எல்லாம் போகும். மேடையை மட்டும் காட்டிய பழைய குறை புதிய கருவியிலும் தொடர்கிறது. வேனில் திரும்பும்போது மூத்தவர் இளையவனுக்கு ஓர் அடியைத் தொடையில் தட்டிக் காட்டுவாரே, அந்த ஐந்து நிமிடம்தான் இந்தக் கலையின் பள்ளிக்கூடம். அது எடுக்கப்பட வேண்டும், தேதியும் ஊரும் பெயர்களும் எழுதப்பட வேண்டும். தைப்பூச நாட்களில் தண்ணீர்ப் பந்தல்களுக்கு நடுவே ஒரு மேசை போட்டு, குழுக்கள் கொண்டுவரும் காட்சிகளைப் பிரதியெடுத்து விவரம் குறித்துக்கொள்ள இரண்டு தன்னார்வலர்கள் போதும். இசை இல்லத்தைத் தொடங்கியவர்களும் கோவில் நிர்வாகமும் கைகோத்தால் அடுத்த பூசத்திலேயே இதைச் செய்துவிடலாம்.